ஸ்பீக்கர் பெட்டியைச் செய்யுங்கள், ஆம்ப்பை வாங்குங்கள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. ஹால் 12க்கு 14 அடி. பாட்டு கேட்பதற்கென்றே 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்பது பெரும்பாலும் எண்பதுகளின் சினிமாப் பாட்டு, கொஞ்சம் நாதஸ்வரம், வயலின் கச்சேரி. எல்லாம் போனிலிருந்துதான். அசெம்பிள் செய்தால் பாதிக் காசில் கம்பெனி செட்டைவிட நல்லதாகக் கிடைக்கும் என்கிறார் என் மாமா. அந்தக் காலத்தில் அவரே செட் செய்தவர். தொல்லையே வேண்டாம், ரெடிமேடாக வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு சால்டரிங் சுமாராக வரும், மரவேலை தெரியாது. எதைச் செய்யலாம்?

பதில்: மாமா சொல்வது அவர் காலத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. நண்பர்கள் சொல்வதும் பாதி சரி. நான் சொல்வது இதுதான்: ஆம்ப்ளிஃபையரைக் கடையில் வாங்குங்கள், ஸ்பீக்கரை நீங்கள் செய்துகொள்ளுங்கள். அதையும் சொந்தமாகக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டாம். விஷயம் தெரிந்த ஒருவர் அளந்து, சோதித்து, வரைபடத்தோடு வெளியிட்ட டிசைன் ஒன்றை எடுத்து, ஒரு மில்லிமீட்டரும் மாற்றாமல் அப்படியே செய்யுங்கள்.

மாமாவின் காலத்தை முதலில் பார்ப்போம். 1991க்கு முன்பு வெளிநாட்டு ஆம்ப் என்றால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது தூக்கி வந்தால்தான் உண்டு. பாண்டியில் சில சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) வீடுகளில் பிரான்சிலிருந்து வந்த செட் இருக்கும். இறக்குமதி வரி அப்படி. மற்றவர்களில் பலருக்கு இருந்த வழி சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போய் 4440 ஐசி போட்ட ஆம்ப் போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வந்து நோவாபான் (மரத்தூள் பலகை) பெட்டியில் மாட்டுவது. அன்றைக்கு அதில் மிச்சமான காசு உண்மையான மிச்சம். ஆம்ப் விஷயத்தில் அந்தக் கணக்கு இன்றைக்குத் தலைகீழாகிவிட்டது.

இன்றைக்கு ஆம்ப்பில் பாட்டைப் பெருக்கும் சர்க்யூட்டின் விலை சொற்பம். டிபிஏ3116 ஐசி போட்ட, கரண்டை அதிகம் வீணாக்காத கிளாஸ்-டி ரக போர்டு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. செலவு வைப்பது மற்றவைதான்: டிரான்ஸ்ஃபார்மர், ஃபில்டர் கெப்பாசிட்டர், ஹீட் சிங்க், வால்யூம் கன்ட்ரோல், ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே போர்டு, இவற்றை அடக்க ஒரு நல்ல கேபினெட். ஒவ்வொன்றையும் சில்லறை விலைக்கு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். லட்சக்கணக்கில் ஆம்ப் செய்து தள்ளும் தொழிற்சாலையோடு உங்களால் போட்டி போட முடியாது.

இதைவிடப் பெரிய தொல்லை போலி. எல்எம்3886, டிடிஏ7294 ஐசிகள், 2எஸ்சி5200 - 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி, இவற்றில் சந்தையில் நடமாடும் போலிக்கு அளவே இல்லை. மேலே அச்சடித்த எழுத்து, கால்கள் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு மட்டும் மிகச் சிறியது. குறைந்த வால்யூமில் ஒழுங்காகப் பாடும், கொஞ்சம் கூட்டினால் ஷார்ட் ஆகும், போகும்போது ஸ்பீக்கர் காயிலையும் எரித்துவிட்டுப் போகும். அசல்தான் வேண்டும் என்றால் மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம் வாங்க வேண்டும். அனுப்பும் செலவும் சேரும்போது பாதி விலைக் கணக்கு அங்கேயே அடிபட்டுவிடும்.

வாங்கும்போது வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய உச்ச வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைத் திரும்பியே பார்க்காதீர்கள். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் வாட்) என்றிருந்தாலும் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை), எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலித் திரிபு) என்று கேளுங்கள். டிபிஏ3116க்கு 50 வாட் என்று சொல்வது 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு வரும் கணக்கு. பத்து சதவீதம் என்றால் குரல் கரகரக்கும். உங்களுக்குத் தேவையோ மிகக் குறைவு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் தரும். பத்து வாட் கொடுத்தால் 96. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே; 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் ஹாலுக்கு 8 ஓமில் சுத்தமான 30 வாட் தாராளம்.

அடாப்டர் தனியாக வரும் சின்ன கிளாஸ்-டி ஆம்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்த் திரும்பும்போது வோல்டேஜ் எகிறுவது உங்களுக்குத் தெரியும். அப்படி அடி வாங்கினால் பெரும்பாலும் அடாப்டர் மட்டும்தான் போகும். அதை மட்டும் மாற்றினால் போதும். போனை ப்ளூடூத்தில் இணைப்பதைவிட யூஎஸ்பி கேபிள் வழியாக ஒரு டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் கருவி) மூலம் கொடுப்பது நல்லது. சில ஆம்ப்களில் அது உள்ளேயே வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மாமாவோடு உட்கார்ந்து ஒரு ஆம்ப் செய்ய ஆசை இருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். கையால் செய்த ஆம்ப் முதல் முறை பாடும்போது வரும் சந்தோஷத்துக்கு விலை கிடையாது. ஆனால் அதற்கு இந்த 45,000த்தைத் தொடாதீர்கள். தனியாகக் கொஞ்சம் ஒதுக்கி எல்எம்1875 ஐசியில் செய்யுங்கள். 20 வாட், இனிமையான ஐசி. டிரான்ஸ்ஃபார்மர் 18-0-18 போதும். 24-0-24 போட்டால் டிசியாக மாறும்போது ப்ளஸ் பக்கம் 33, மைனஸ் பக்கம் 33 வோல்ட் வரை வந்துவிடும். இந்த ஐசி தாங்குவதோ இரண்டு பக்கமும் சேர்த்து 60 வோல்ட்தான்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் போர்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் ஒயரில் சீரிஸாகப் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரியும், கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப மங்கும், கடைசியில் இழை லேசாகச் சிவந்து நிற்கும் அல்லது அணைந்தே போகும். அப்படியானால் நல்லது. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் எங்கேயோ ஷார்ட், உடனே அணையுங்கள். பல்பு மங்கிய பிறகும் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் அவுட்புட்டைத் தொட்டுப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால், அந்த ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்கக் காத்திருக்கிறது.

இனி ஸ்பீக்கர். உங்கள் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டிய இடம் இதுதான், மிச்சம் பிடிக்க முடிவதும் இங்கேதான். கடையில் நிற்கும் ஸ்பீக்கரின் விலையில் உள்ளே இருக்கும் ஊஃபருக்கும் (கீழ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ட்வீட்டருக்கும் (மேல் ஒலிக்கானது) போவது சின்னப் பங்கு. மரப்பெட்டி, பாலிஷ், பேக்கிங், கனமான பொருளை ஊர் ஊராக அனுப்பும் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை. பெட்டியை உள்ளூரில் அடித்தால் அந்தக் காசு முழுவதும் நல்ல ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் போகும்.

ஆனால் ஏதோ ஒரு பெட்டியில் ஏதோ ஒரு ஊஃபரைப் போட்டால் பாழ். ஊஃபருக்கும் பெட்டியின் கொள்ளளவுக்கும் உள்ள உறவை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதினார். ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் அதை விரித்து எழுதினார். அதிலிருந்து வந்தவைதான் ஊஃபரின் குணத்தைச் சொல்லும் எஃப்எஸ் (Fs), க்யூடிஎஸ் (Qts), விஏஎஸ் (Vas) என்ற எண்கள். இந்த மூன்றையும் தராத ஊஃபரை வாங்கவே வாங்காதீர்கள். இந்த எண்களை வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டால், எத்தனை லிட்டர் பெட்டி, காற்று போய்வரும் போர்ட் குழாய் எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடும். கணக்கு தவறினால் பேஸ் ஒரே இடத்தில் குமுறும். எண்பதுகளின் பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகுமே, அந்த நடை தெரியாமல் எல்லா ஸ்வரமும் 'தொம் தொம்' என்று ஒன்றாகிவிடும். மிருதங்கத்தின் தொப்பியும் அப்படியே.

அடுத்த கண்டம் கிராஸ்ஓவர், அதாவது கீழ் ஒலியை ஊஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட். கடையில் விற்கும் ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டை வாங்கிப் போடுவதுதான் அசெம்பிள் செய்பவர்கள் வழக்கம். அந்த போர்டு, ஸ்பீக்கர் எப்போதும் 8 ஓமாகவே இருக்கும் என்று நினைத்துச் செய்தது. அப்படி எந்த ஊஃபரும் இருப்பதில்லை. அதிர்வெண் ஏற ஏற காயிலின் இண்டக்டன்ஸால் ஓமும் ஏறிக்கொண்டே போகும். 3,000 ஹெர்ட்ஸில் பிரிய வேண்டியது வேறெங்கோ பிரியும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அந்த 2,000 - 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான். வயலினின் வில் உராய்வும் நாதஸ்வரத்தின் சீவாளியும் தங்கள் அடையாளத்தைக் காட்டுவதும் அங்கேதான். அங்கே ஒரு பள்ளமோ மேடோ விழுந்தால், எவ்வளவு விலை கொடுத்த ட்வீட்டரும் காப்பாற்றாது. சோதித்து வெளியிட்ட டிசைனை எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அதில் சொன்ன ஊஃபர், சொன்ன ட்வீட்டர், சொன்ன மதிப்பில் காயில், கெப்பாசிட்டர். கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது.

மரவேலை தெரியாது என்கிறீர்கள், தெரிய வேண்டியதில்லை. பூஜை அறைக் கதவுக்குப் பூவேலை வெட்டும் சிஎன்சி (கம்ப்யூட்டர் வெட்டு மெஷின்) கடைகள் பாண்டியில் இருக்கின்றன. வரைபடத்தைக் கொடுத்தால் பலகைகளை அளவாக வெட்டி, ஊஃபர் துளையையும் வட்டம் பிசகாமல் எடுத்துத் தருவார்கள். உள்ளளவு 18க்கு 24க்கு 38 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 16 லிட்டர்; ஆறரை இஞ்ச் ஊஃபர் பலவற்றுக்கு ஒத்துவரும் அளவு. இப்படி இரண்டு பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அரை ஷீட் போதும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டே வாங்குங்கள். வெளியாகும் டிசைன்களில் பெரும்பாலும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்று இருக்கும்; அளவை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுங்கள். கடற்கரை வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் ஓரங்கள் ஊறி உப்பிவிடும். பண்ருட்டிப் பலாமரம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். வீணைக் குடம் பாட வேண்டும், அதற்குப் பலா வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி பாடவே கூடாது. கெட்டியாக, ஊமையாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள், இணைப்புகளில் இடைவெளி இல்லாமல் பசை வையுங்கள். ஓரம் அடைக்க சிலிக்கான் போட்டால் வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம். அந்த ஆவி செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

உப்புக்காற்றை நீங்கள் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளின் செட்டைத் திறந்தால், ஸ்பிரிங் டெர்மினலில் சொருகிய செம்புக் கம்பி முனை பச்சைக் களிம்பு பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுகிறது என்று வரும் புகார்களில் பல இதுதான். தங்க முலாம் பூசிய ஸ்க்ரூ டெர்மினலும் சால்டர் செய்த பனானா பிளக்கும் போடுங்கள். ஊஃபரின் ஓர வளையம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் வளையம் நம் வெக்கையிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்.

பணத்தைப் பிரிக்கச் சொன்னால், நான் ஆம்ப்புக்கு 15,000க்கு மேல் போக மாட்டேன். ஊஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் சாமான்களுக்கு 20,000. பலகை, வெட்டுக்கூலி, பாலிஷுக்கு 7,000. மீதியை ஒயருக்கும் எதிர்பாராத செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாண்டியில் வாங்கினால் வரி குறைவு என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அது முடிந்த கதை. வீட்டில் செய்த ஸ்பீக்கரைப் பிறகு விற்கப் போனால் நல்ல விலை கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றும் எண்ணம் இருந்தால் ரெடிமேட்தான் உங்களுக்குச் சரி.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு சோதனை. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் ப்ளஸ் முனையை ஸ்பீக்கர் பெட்டியின் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஊஃபர் கோன் இரண்டு பெட்டியிலும் முன்னால் வர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போய்விடும். பின்னால் போன பெட்டியில் ஊஃபர் ஒயரை மாற்றி சால்டர் செய்யுங்கள். ட்வீட்டர் ஒயரை மட்டும் தொடாதீர்கள். சில டிசைன்களில் அதை வேண்டுமென்றே தலைகீழாகக் கொடுத்திருப்பார்கள்; வரைபடத்தில் எப்படியோ அப்படியே இருக்கட்டும்.