குடியை விட்டாச்சு, தூக்கம் போச்சு

கேள்வி: வயது 41. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. டாக்டர் கொடுத்த டைசல்ஃபிராம் மாத்திரை (இது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும்) சாப்பிடுகிறேன். கடனை அடைக்க தினமும் ஓவர்டைம்; வீடு திரும்ப ராத்திரி பதினொன்று. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக நேரமில்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை. “குடிச்சப்போகூட வீட்ல இருந்தீங்க” என்கிறார் மனைவி. தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம். பல தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும். குடியிலிருந்து மீள்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். குடியை நிறுத்திய பிறகு தூக்கம் சீராகப் பல மாதங்கள் ஆவது சகஜம்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் ஓவர்டைமுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு. முன்பு குடித்த நேரத்தை இப்போது வேலையால் அடைத்துவிட்டீர்கள். வேலை இருக்கும்வரை சரி. ஒருநாள் ஆர்டர் இல்லை, ஏழு மணிக்கே அனுப்பிவிட்டார்கள் என்றால்? பசி, அசதி, கையில் காசு, வழியில் டாஸ்மாக். பலர் திரும்பவும் சறுக்குவது இப்படி ஒரு சாயந்திரத்தில்தான். அதனால் வாரத்தில் மூன்று நாளாவது ஓவர்டைம் வேண்டாம். ஒருநாள் கூட்டத்துக்கு, மற்ற நாள் வீட்டுக்கு. ஆறு மணிக்கு நாலு இட்லியாவது வயிற்றில் இருக்கட்டும். சம்பளம் மனைவியின் கணக்கில் விழட்டும். கடன்காரரிடம் தவணை கேட்பது கூச்சம்தான், கேளுங்கள்.

டைசல்ஃபிராம் சிலருக்கு அசதி தரும். லேத்தில் நிற்பவர் கண் சொக்கக் கூடாது. மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் ஆகாது. ‘மாத்திரையை நிறுத்திட்டு ரெண்டு நாள் கழிச்சு ஒரு ரவுண்டு’ என்ற கணக்கும் ஆபத்து: நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும்.

மனசு ரொம்பச் சோர்ந்து, வாழ்ந்து என்ன என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம்; தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் நேரில் போகலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். லிவர் டெஸ்ட் எப்போது எடுத்தது என்றும் பார்த்து வையுங்கள், டாக்டர் கேட்பார்.