நிலத்தை இந்த வாரம் விற்காதீர்கள்

கேள்வி: வணக்கம் சார். மதுரை வில்லாபுரத்தில் மனைவி, மகளோடு இருக்கிறேன். தனியார் கம்பெனியில் மாதம் 34,000 ரூபாய் சம்பளம். அப்பாவும் அம்மாவும் உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் 40 சென்ட்டில் மல்லிகை போட்டுப் பிழைக்கிறார்கள். அம்மாவுக்கு 56 வயது. போன மாதம் மார்பில் கட்டி என்று காட்டியதில், பயாப்ஸி எடுத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், பிறகு ரேடியேஷன் என்கிறார் டாக்டர். தனியாரில் ஆறு லட்சம் ஆகுமாம். கையில் 80,000 இருக்கிறது. மனைவிக்கு 9 பவுன், அம்மாவுக்கு 5 பவுன் நகை உண்டு. உடனே பணம் தருகிறேன், நிலத்தை எழுதிக்கொடு என்று ஒருவர் கேட்கிறார். மாமா மூணு வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். இல்லாவிட்டால் என் மகளுக்குக் காதுகுத்து வைத்து மொய் வாங்கு என்கிறார். ஒரு ஏஜென்ட் அம்மா பேரில் பாலிசி போடலாம் என்கிறார். அம்மாவிடம் நோயின் பெயரை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. எதைச் செய்வது?

பதில்: தம்பி, எங்கள் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே பேரையூர்ப் பக்கம் இருந்த காட்டை விற்றோம். அவசரம் என்று தெரிந்ததும் கேட்டவர் பாதி விலைக்கு வந்தார், நாங்களும் கொடுத்துவிட்டோம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி நாலு மாதம் பேங்கில் சும்மா கிடந்தது. சிகிச்சைக்கான செலவு ஒரே நாளில் வராது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்: நிலத்தை இந்த வாரம் விற்காதீர்கள்.

ஆறு லட்சம் என்பது மொத்தக் கணக்கு. கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை. அது முடிய மாதங்கள் ஆகும், ஆபரேஷனும் ரேடியேஷனும் அதற்குப் பிறகுதான். டாக்டரிடம் போய், எந்த மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அதோடு, பயாப்ஸியில் ஹெர்2 பரிசோதனை முடிவு என்ன என்றும் கேளுங்கள். புற்றுச் செல்லில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பது அது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுசுமாப் ஊசியை ஓராண்டு போடச் சொல்லக்கூடும்; செலவுக் கணக்கே மாறிவிடும். அந்த ஊசிக்கு இந்தியாவிலேயே தயாராகும் விலை குறைந்த வகைகள் உண்டு, அதையும் விசாரியுங்கள். ஹார்மோன் மாத்திரை மட்டும் பல ஆண்டு சாப்பிட வேண்டும் என்று வந்தால் பயப்படாதீர்கள். மக்கள் மருந்தகத்தில் விசாரித்தால் அந்தச் செலவு உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும்.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். ஏற்கெனவே வந்துவிட்ட நோய் என்று ஒதுக்கமாட்டார்கள். அப்பா, அம்மா தனி ரேஷன் கார்டில் இருந்து, பூ வருமானம் அந்த வரம்புக்குள் இருந்தால் அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பெயர் இன்னும் அந்தக் கார்டிலேயே இருந்தால் உங்கள் சம்பளமும் சேர்ந்துவிடும், அதை மறைக்க வேண்டாம். பழைய காப்பீட்டு அட்டை வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

இதில் பலர் சறுக்குவது ஓர் இடத்தில்தான். மருத்துவமனை இந்தத் திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் சேர்ந்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். நீங்களாகக் கட்டிவிட்டுப் பின்னால் பில்லைக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். அதனால் முதல் கீமோவுக்கு முன்பே அட்டை வேலையை முடிக்கப் பாருங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. நாள் நெருங்கிவிட்டால், அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் காட்டித் தொடங்குங்கள். பெரியாஸ்பத்திரி என்றால் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதைப் பொருட்படுத்தாதீர்கள். அந்த மருத்துவமனையின் ரேடியேஷன் பிரிவு இருக்கும் பாலரெங்காபுரம் உங்கள் வில்லாபுரத்துக்கு அதிகத் தூரமில்லை. அந்த வாரங்களில் அம்மா உங்கள் வீட்டில் இருந்தால், உசிலம்பட்டியிலிருந்து தினமும் வந்துபோகும் செலவும் அலுப்பும் மிச்சம்.

இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்றால் 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வரலாம். மருத்துவமனைச் சான்று இருந்தால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை.

கம்பெனி ஹெச்ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா, எப்போது? பல கம்பெனிகளின் குழுப் பாலிசியில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. இரண்டாவது, பிஎஃப். உங்களைச் சார்ந்திருக்கும் தாயின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். வட்டியும் இல்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். வருமான வரிச் சலுகையைத் தேடி அலையாதீர்கள், உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது.

இதற்கு மேலும் தேவைப்பட்டால் நகை. பதினாலு பவுனையும் ஒரே நாளில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அந்தந்த மாதத் தேவைக்கு மூன்று பவுன், நான்கு பவுன் என்று தனித்தனி ரசீதாக பேங்கில் வையுங்கள். எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி ஓடும். கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் 2 லட்சத்துக்கு மாதம் 1,700 ரூபாய்க்குள்தான். மாமா சொல்லும் மூணு வட்டியில் 6 லட்சம் வாங்கினால் மாதம் 18,000. சம்பளத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். இருந்தாலும் அந்தப் பணம் வேண்டாம்.

மொய்யை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நம் பக்கம் அது எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதுவும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான், பந்தலும் சாப்பாடும் வேறு செலவு. கீமோவின்போது எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், அந்த நேரத்தில் ஊர்க்கூட்டம் அம்மாவுக்கு ஆகாது. அப்பாவின் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நீங்கள் செய்த மொய் யார் யாரிடம் நிற்கிறதோ, அவர்களில் நெருக்கமானவர்களிடம் நிலைமையைச் சொல்லி இப்போதே கேட்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்த ஏஜென்டிடம் அம்மாவுக்காகப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க விதி இடம் கொடுக்கிறது. நோயை மறைத்துப் போட்டால் கிளைம் நிற்காது. உங்களுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் ஒரு பாலிசி எடுங்கள். விண்ணப்பத்தில் கேட்டால் அம்மாவின் நோயையும் உள்ளபடி எழுதுங்கள்.

கடைசியாக, அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது. அன்பினால்தான் மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் காப்பீட்டு மையத்தில் அவர் கைரேகை வேண்டும், அடகு வைக்கப்போவது அவர் நகை, விற்க நினைப்பது அவர் விடியுமுன் பூப்பறித்த தோட்டம். முடி கொட்டத் தொடங்கினால் அவரே தெரிந்துகொள்வார். அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு, முதல் ஊசிக்கு முன்பே நீங்கள் சொல்லுங்கள். போஸ்ட் ஆபீஸிலோ மகளிர் குழுவிலோ அவர் யாருக்கும் தெரியாமல் சேர்த்துவைத்தது இருந்தால் அதைச் சொல்லவும் அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும்.

நிலத்தைக் கேட்டவரிடம் இப்போதைக்கு விற்பதாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஹெர்2 முடிவும் மாதவாரிக் கணக்கும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், மீதிக் கணக்கைச் சேர்ந்து போடுவோம்.