டைனஸ்டி டிராஃப்ட்: வயதைப் பார்க்கும் முன் விதித்தாளைப் பாருங்கள்

கேள்வி: டல்லாஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து) ஃபேன்டஸி ஆட்டத்தில் டைனஸ்டி லீக் ஒன்று, அதாவது எடுத்த வீரர்களை வருடா வருடம் தக்கவைக்கும் லீக், தொடங்குகிறோம். சூப்பர்ஃபிளெக்ஸ் (எந்த வீரரையும் வைக்கலாம் என்ற ஓர் இடம் உண்டு), பி.பி.ஆர். (ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு பாயிண்ட்), ஆளுக்கு 25 வீரர்கள், ஸ்நேக் டிராஃப்ட் (வீரர்களை முறைபோட்டு எடுப்பது; சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும்). எனக்கு 9ஆவது இடம் விழுந்திருக்கிறது. வருடக் கட்டணம் 100 டாலரை, லீக்கை நடத்தும் கமிஷனர் தன் சொந்த வென்மோ (பணம் அனுப்பும் செயலி) கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். "டைனஸ்டியில் 24 வயதுக்கு மேல் யாரையும் தொடாதே" என்கிறார் ஒரு நண்பர். 40 டாலருக்கு 'சீட் ஷீட்' (யாரை எந்த வரிசையில் எடுப்பது என்ற பட்டியல்) வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். நான் ஐ.பி.எல். ஃபேன்டஸி மட்டும் ஆடிப் பழகியவன். எப்படி எடுப்பது?

பதில்: ஐ.பி.எல். ஃபேன்டஸியில் இன்றைய அணி நாளைக்குக் கிடையாது. டைனஸ்டியில் நீங்கள் எடுக்கும் 25 பேரும், நீங்களாக விற்கும்வரை அல்லது கழற்றிவிடும்வரை, உங்கள் தலையில்தான். அந்த ஒரு காரணத்தை வைத்துத்தான் "இளசாகப் பார்த்து எடு" என்ற உபதேசம் பிறந்தது. பாதி சரி. மீதிப் பாதி பல பேரை மூன்று வருடம் கடைசி இடத்தில் உட்கார வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 100 டாலர்.

கமிஷனரின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். 12 பேர் ஆளுக்கு 100 என்றால் 1,200 டாலர், செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஒருவருடைய செலவுக் கணக்கில் கலந்து கிடக்கும். வேலை மாறினாலும் மனஸ்தாபம் வந்தாலும் கேட்க நாதியில்லை. லீக்சேஃப் போன்ற பொதுக் கணக்குச் சேவைகள் இதற்காகவே இருக்கின்றன. பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒப்புதல் தந்தால்தான் பரிசுப் பணம் வெளியேறும் என்று அதில் அமைத்துக்கொள்ளலாம். "நாம் எல்லாம் நண்பர்கள்தானே, இது எதற்கு" என்று கமிஷனர் சொன்னால், நண்பர்கள் என்பதால்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. டைனஸ்டியில் வரப்போகும் வருடங்களின் ரூக்கி பிக்குகளையும் (புதுமுக வீரர்களை எடுக்கும் முறைகளையும்) விற்கலாம். ஒருவர் அடுத்த இரண்டு வருடத்து முதல் சுற்று பிக்குகளையெல்லாம் விற்று, இந்த வருடம் ஜெயிக்கும் அணியைக் கட்டி, பரிசை வாங்கிக்கொண்டு லீக்கை விட்டுப் போய்விடுவார். கிழடு தட்டிய வீரர்களும், ஒரு பிக்கும் இல்லாத கஜானாவும் மிச்சம். அந்த அனாதை அணியை எந்தப் புது ஆள் காசு கட்டி எடுப்பார்? இரண்டு அணி இப்படி ஆனால் மூன்றாம் வருடம் லீக்கே இருக்காது. நீங்கள் சேர்த்து வைத்த இளசுகளும் பிக்குகளும் செல்லாக் காசு. மருந்து ஒரே வரி: எந்த வருடத்து முதல் சுற்று பிக்கை விற்கிறாரோ, அந்த வருடத்துக் கட்டணத்தையும் விற்கும் அன்றே கட்ட வேண்டும். இது விதித்தாளில் இல்லையென்றால் டிராஃப்ட் தொடங்கும் முன் சேர்க்கச் சொல்லுங்கள். விதித்தாளே இல்லை, "வாட்ஸ்ஆப் குரூப்பில் பேசிக்கொள்ளலாம்" என்றால் அந்த லீக்கில் சேராதீர்கள். ஸ்கோரிங் மட்டும் செட் செய்துவிட்டு லீக் தயார் என்று அறிவிக்கும் கமிஷனர்கள்தான் இந்த ஆட்டத்தின் சாபக்கேடு.

இனி டிராஃப்ட். உங்கள் ஆடும் அணி எத்தனை பேர் என்று எழுதவில்லை. பரவலாக உள்ள 10 பேர் அமைப்பு என்று வைத்துக்கொள்கிறேன்: ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்), மூன்று வைட் ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), இரண்டு ஃபிளெக்ஸ் (குவாட்டர்பேக் தவிர மற்ற மூவகையில் எவரும்), ஒரு சூப்பர்ஃபிளெக்ஸ். கடைசியாகச் சொன்ன இடத்தில் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம், குவாட்டர்பேக்கையும் வைக்கலாம். உங்கள் திட்டம் முழுவதும் அந்த ஓரிடத்தில்தான் தொங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். வாரத்துக்கு 32 குவாட்டர்பேக்குகள்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். உங்கள் லீக்கில் 12 பேரும் இருவரை இறக்கினால் 24. ஓய்வு வாரத்துக்கும் காயத்துக்கும் ஆளுக்கு மூன்றாவது ஒருவரைத் தேடினால் 36. நான்கு பேர் பற்றாக்குறை. ரிசீவரில் இந்தத் தட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு அணியும் இரண்டு மூன்று பேரை இறக்குகிறது. பாயிண்டும் அப்படித்தான். 250 யார்டு எறிந்து இரண்டு டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து எடுக்கும் ஸ்கோர்) கொடுத்த சாதாரண குவாட்டர்பேக்குக்கு 10 + 8 = 18 பாயிண்ட். ஐந்து கேட்ச், 60 யார்டு எடுத்த உருப்படியான ரிசீவருக்கு 5 + 6 = 11. சூப்பர்ஃபிளெக்ஸில் ரிசீவரை வைத்து ஒப்பேற்றினால் வாரத்துக்கு ஏழு பாயிண்ட் கையைவிட்டுப் போகிறது.

அதிலும் காலால் ஓடும் குவாட்டர்பேக்குக்குத் தனி மதிப்பு. எறிந்தால் 25 யார்டுக்கு ஒரு பாயிண்ட், ஓடினால் 10 யார்டுக்கே ஒன்று. எறிந்த டச் டவுனுக்கு 4, ஓடிப்போட்டதற்கு 6. 2023இல் ஜேலன் ஹர்ட்ஸும் ஜாஷ் அலனும் ஆளுக்கு 15 ரஷ்ஷிங் (ஓடி எடுக்கும்) டச் டவுன் போட்டார்கள். அதில் மட்டும் 90 பாயிண்ட். எறியும் டச் டவுனுக்கும் 6 என்று உங்கள் லீக்கில் இருந்தால் இந்த வித்தியாசம் குறையும். அதனால்தான் விதித்தாள், விதித்தாள் என்று அடித்துக்கொள்கிறேன்.

9ஆவது இடத்தில் உங்களுக்கு வரும் எண்கள்: 9, 16, 33, 40, 57, 64, 81, 88. முதல் இரண்டுக்கும் நடுவில் ஆறு பேர்தான் போவார்கள். 16க்கும் 33க்கும் நடுவில் 16 பேர் போய்விடுவார்கள். இந்த நீண்ட இடைவெளியில்தான் குவாட்டர்பேக் வேட்டை நடக்கும். ஒருவர் எடுத்ததும் பதறிப்போய் ஐந்து பேர் எடுப்பார்கள். ஆகவே 9, 16 இரண்டில் ஒன்றாவது கண்டிப்பாக அணியில் இடம் உறுதியான குவாட்டர்பேக்காக இருக்கட்டும். இன்னொன்றில் மேல்தட்டு ரிசீவர், அல்லது இரண்டாவது குவாட்டர்பேக். மூன்றாம் சுற்றைத் திருப்பிப் போடும் விதி (இரண்டாம் சுற்றின் வரிசையே அதிலும் வரும்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் உங்கள் மூன்றாவது பிக் 33 அல்ல, 28, நான்காவது 45. திட்டமே மாறிவிடும்.

இடம் உறுதி என்றால் என்ன? 'என்.எஃப்.எல். அணிகள் புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர், வயது 21' என்பது உறுதி அல்ல. 2021இல் ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்காக ஃபார்ட்டிநைனர்ஸ் அணி பல முதல் சுற்று பிக்குகளைக் கொட்டிக் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் அவரை ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு கவ்பாய்ஸ் அணியிடம் தள்ளிவிட்டது. மறுபக்கம் ஜாரெட் காஃப்: 2021இல் ராம்ஸ் அணி வேண்டாமென்று டெட்ராய்ட்டுக்கு அனுப்பிய ஆள், 2024இல் 4,629 யார்டும் 37 டச் டவுனும் எறிந்தார். "24க்கு மேல் தொடாதே" கூட்டம் இப்படிப்பட்டவர்களைத் திரும்பியே பார்க்காது. அவர்கள் பார்க்காததால் 30 தாண்டிய, நிலையாக ஆடும் குவாட்டர்பேக் 57, 64 வரையிலும் இறங்கி வருவார். உங்கள் இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கேதான் இருக்கிறார்கள். 33இல் பதற்றத்தில் அரைகுறை இளைஞரை எடுக்க வேண்டாம்.

33, 40 இரண்டும் ரிசீவர்களுக்கு. ரிசீவருக்குத்தான் இளமை உண்மையில் உதவும். 23 வயதில் எடுத்தால் ஆறேழு வருடம் ஓடும். டைட் எண்டுக்குக் கேட்சுக்கு 1.5 பாயிண்ட் என்று விதி இருந்தால் மட்டும் அவர்களை முன்னே கொண்டுவாருங்கள். 2024இல் புராக் பவர்ஸ் பிடித்த 112 கேட்சுக்கு அந்த அரை பாயிண்டால் மட்டும் 56 கூடும். விதி இல்லையென்றால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ரன்னிங் பேக்குகளை முதல் நான்கு சுற்றில் தவிர்த்துவிடுங்கள். அடி வாங்கி வாங்கித் தேயும் வேலை அது. டாட் கர்லி 2017இல் ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர். 2020 சீசனோடு 26 வயதில் ஆட்டம் முடிந்தது. எசக்கியல் எலியட்டை 27 வயதில் கவ்பாய்ஸ் கழற்றிவிட்டது. 26ஐத் தாண்டியவருக்கு டைனஸ்டி விலை கொடுக்காதீர்கள்.

இப்படிச் சொன்னவுடன் லீக்கில் ஒருவர் எழுந்து "டெரிக் ஹென்றி?" என்பார். எல்லா லீக்கிலும் ஒருவர் உண்டு. சரி, பார்த்துவிடுவோம். ரன்னிங் பேக்கான ஹென்றி 30 வயதில், 2024இல், ரேவன்ஸ் அணிக்குப் போய் 325 முறை பந்தைச் சுமந்து 1,921 யார்டு ஓடினார், 16 டச் டவுன். மறுக்க முடியாது. ஏன் முடிந்தது? 2016இல் இரண்டாம் சுற்றில் வந்தவர். முதல் இரண்டு வருடம் டிமார்க்கோ மர்ரேக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். 110, 176 என்று குறைவாகத்தான் பந்து கிடைத்தது. மற்றவர்கள் தேய்ந்துகொண்டிருந்த வயதில் இவர் உடம்பு தேயவில்லை. அதுவும் ஆறடி மூன்றங்குல உயரம், 250 பவுண்டை ஒட்டிய எடை. சாதாரண ரன்னிங் பேக்கின் உடம்பு அல்ல. 2021இல் கால் எலும்பு முறிந்து பாதி சீசன் போனது, அது அவரை முடக்கவில்லை. பிறகு ரேவன்ஸில் பக்கத்தில் நின்றது ஓடும் குவாட்டர்பேக் லாமார் ஜாக்சன். அவரே ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் எதிரணி மொத்தமாக ஹென்றி மேல் பாய முடியாது. இத்தனையும் ஒரே ஆளுக்கு அமைந்தது. இதில் யாரும் கவனிக்காத ஒன்று: 2024 கோடையில் ஹென்றியை வாங்கி லாபம் பார்த்தவர்கள் மலிவாக வாங்கினார்கள், 30 வயதுக்கான தள்ளுபடி விலையில். உங்களுக்கும் 100ஐத் தாண்டிய பிக்கில் அப்படி ஒருவர் கிடைத்தால் எடுங்கள். 40ஆவது பிக்கில் எடுத்துவிட்டு ஹென்றியை உதாரணம் காட்டாதீர்கள்.

ஆக 25 இடமும் கிட்டத்தட்ட இப்படி நிரம்பும்: குவாட்டர்பேக் 3 அல்லது 4, ரன்னிங் பேக் 7, ரிசீவர் 10, டைட் எண்ட் 3. மீதி இருப்பது பிற்காலச் சூதாட்டத்துக்கு. கடைசி ஐந்து சுற்றில் வயதான மாற்று ரிசீவர்களால் பயனே இல்லை. முதலாமவர் காயப்பட்டால் மறுநாளே முழு வேலையும் வந்துசேரும் இரண்டாம் நிலை ரன்னிங் பேக்குகளை எடுங்கள்.

டிராஃப்ட் நடக்கும்போது டிரேட் (வீரர்களை மாற்றிக்கொள்ளும்) அழைப்புகள் கொட்டும். ஒருவர் மூன்று பேரைக் கொடுத்து உங்கள் நட்சத்திரம் ஒருவரைக் கேட்பார். கூடவே வீரர் மதிப்பைக் கூட்டிக்காட்டும் கால்குலேட்டரின் படம் ஒன்றும் அனுப்புவார், இரண்டு பக்கமும் சமம் என்று. வெறும் கூட்டல் அது. மூன்று பேர் வந்தால் 25ஐ மீறாமல் இருக்க இரண்டு பேரைக் கழற்ற வேண்டும், ஆடும் இடமோ 10தான். அந்தச் செலவு கூட்டலில் வராது. மாறாக, உங்கள் நடுச்சுற்று பிக்கைச் சில இடம் பின்னால் தள்ளி, கூடவே அடுத்த வருட முதல் சுற்று பிக் தருவதாக யாராவது சொன்னால் வாங்குங்கள். டிராஃப்ட் சூட்டில் எல்லோரும் அதை மலிவாக விடுவார்கள். ஏப்ரலில் என்.எஃப்.எல். டிராஃப்ட் வந்ததும் அதே பிக்குக்கு அடித்துக்கொள்வார்கள். கட்டணத்தை முன்கூட்டிக் கட்டும் விதி இருந்தால் மட்டும் இது பொருந்தும் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

ரூக்கி டிராஃப்ட் வரிசை எதன்படி என்றும் கேட்டுவையுங்கள். வெறும் தோல்விக் கணக்குப்படி என்றால், நவம்பரில் நல்ல ஆட்களை வேண்டுமென்றே பெஞ்சில் உட்கார வைத்துத் தோற்பவர் முதல் பிக்கைத் தட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு வாரமும் அதிகபட்சம் எத்தனை பாயிண்ட் எடுத்திருக்க முடியும் என்ற கணக்கில் வரிசை போட்டால் இந்தத் தில்லுமுல்லு செல்லாது. இந்த வருட ரூக்கிகளுக்குத் தனி டிராஃப்ட் என்றால் சில லீக்குகளில் கிக்கர்களை (பந்தை உதைப்பவர்களை) பிக்குகளுக்கு அடையாளமாக வைப்பார்கள். முதலில் எடுக்கப்படும் கிக்கர் ரூக்கி டிராஃப்டின் முதல் பிக். இரண்டாம் சுற்றில் யாராவது கிக்கரை எடுத்தால் சிரித்துவிடாதீர்கள்.

40 டாலர் பட்டியல் வேண்டாம். பொதுவான ஏ.டி.பி. எண்கள் (ஒரு வீரர் சராசரியாக எத்தனையாவது பிக்கில் போகிறார் என்பவை) இணையத்தில் இலவசம். விற்பவரில் பலர் அதையே நிறம் மாற்றிக் கொடுப்பவர்கள். "உங்கள் லீக் சூப்பர்ஃபிளெக்ஸா?" என்று வாங்குபவரிடம் கேட்காத எவருடைய பட்டியலும் உங்களுக்குப் பொருந்தாது. ஒரு குவாட்டர்பேக் லீக்கின் பட்டியலைப் பின்பற்றினால் 33ஆவது பிக் வரும்போது உங்கள் கையில் ஒரு குவாட்டர்பேக்கும் இருக்க மாட்டார்.

பிக்குக்கு எட்டு மணி நேரம் என்ற மெதுவான டிராஃப்ட் என்றால் தூங்கப் போகும் முன் ஐந்து பேரை வரிசையில் போட்டுவையுங்கள். நேரம் தீர்ந்து வரிசை காலியாக இருந்தால் தளமே ஒருவரை எடுத்துவிடும். அது எடுக்கும் வரிசை பெரும்பாலும் ஒரு வருட லீக்குக்கான வரிசை. காலையில் எழுந்து பார்த்தால் 29 வயது ரன்னிங் பேக் உங்கள் அணியில் இருப்பார். கமிஷனர் திருப்பித் தர மாட்டார்.