கத்தோலிக்கர்கள் இயேசுவையும் ஓர் அவதாரம் என்றுதான் நம்புகிறார்களா?

சேலம் பக்கம் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பழைய கத்தோலிக்க நூல்களே மனுஷாவதாரம் என்ற சொல்லைப் பயன்படுத்தியதால் குழப்பம் இயல்புதான், ஆனால் பொருள் வேறு.

முதலில் படைப்பு. கடவுள் எதுவும் இல்லாமையிலிருந்து உலகைப் படைத்தார், அதை நல்லது என்று கண்டார், மனிதரை ஆணும் பெண்ணுமாகத் தம் சாயலில் படைத்தார். ஆக, உடம்பு ஆன்மாவை அடைத்து வைத்த கூண்டு இல்லை, உடலும் ஆன்மாவும் சேர்ந்ததுதான் மனிதன். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது புரியும்.

அந்த மனித இயல்பைத்தான் இறைமகன் மரியாவிடமிருந்து எடுத்துக்கொண்டார், ஒரே ஒரு முறை, என்றென்றைக்குமாக. வேடம் போட்டு வந்து பிறகு கலைத்துவிட்டுப் போகவில்லை. பசித்தது, களைத்தார், அழுதார், நிஜமாகவே செத்தார். உயிர்த்த பிறகும் அவர் மனிதர்தான். கி.பி. 451இல் கால்சிதோன் என்ற ஊரில் ஆயர்கள் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் இதை உறுதியாக வரையறுத்தது: ஒரே ஆள், முழுக் கடவுள், முழு மனிதர், இரண்டும் கலந்துபோகவும் இல்லை, பிரியவும் இல்லை.

ஏற்காட்டில் கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு ஒருமுறை வந்து பாருங்கள். நாங்கள் நம்புவதை எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையில் "உடல் எடுத்து மனிதர் ஆனார்" என்ற இடம் வந்ததும் எல்லோரும் மண்டியிடுவோம். மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குவதோடு சரி. போன வருடம் என் பக்கத்தில் இருந்த அம்மாவின் விரல்களில் காப்பிப் பழம் பறித்த கறை அப்படியே இருந்தது. கடவுள் எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட கையைத்தான் என்று நாங்கள் நம்புகிறோம்.