டிசம்பர் லீவில் வெயில் தேடிப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

அரையாண்டு லீவில் கடற்கரை ஊருக்குப் போக ஆசை. பாலியா, தாய்லாந்தா? (மடிப்பாக்கம்)

பாலியில் டிசம்பர், ஜனவரி நல்ல மழைக்காலம். டிக்கெட் மலிவாக இருந்தாலும் இப்போது வேண்டாம். தாய்லாந்து என்றால் எந்தக் கரை என்று மேப்பில் பாருங்கள். ஃபுகெட்டும் கிராபியும் மேற்கே அந்தமான் கடல் பக்கம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயில்தான். கோ சமுய் கிழக்கே வளைகுடாப் பக்கம். நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் அங்கேயும் நனைத்துவிடும். மலேசியாவில் லங்காவி சரி. கிழக்கே ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும். இலங்கையில் பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ போகலாம். திருகோணமலையை மே மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

டிக்கெட்டில் '25 டிசம்பர், 00.20' என்றிருக்கிறது. எப்போது கிளம்ப வேண்டும்? (அம்பத்தூர்)

24-ம் தேதி ராத்திரி 9.15-க்கு மீனம்பாக்கத்தில் இருங்கள். 25 ராத்திரி போனால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். அதோடு, போகும் பயணத்தைத் தவறவிட்டால் அதே பிஎன்ஆரில் உள்ள திரும்பும் டிக்கெட்டும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். விடியற்காலையில் போய் இறங்குவீர்கள். ரூம் மதியம் 2 மணிக்குத்தான் கிடைக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால் 24-ம் தேதியிலிருந்தே ரூம் போட்டு, விடியலில்தான் வருவோம் என்று ஓட்டலுக்கு எழுதிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. டிக்கெட் போடும்போது அந்தக் கட்டம் விடமாட்டேன் என்கிறது. (தாம்பரம்)

தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இந்தச் சிக்கல் உண்டு. அந்தக் கட்டத்தில் இனிஷியலைப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் இருக்கக் கூடாது. சில ஏர்லைன்ஸ் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில 'எஃப்என்யூ' (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பெயர் தெரியாது) என்று போடச் சொல்லும். பணம் கட்டும் முன்பே அந்தக் கம்பெனியின் விதியைப் பாருங்கள். பிறகு பெயர் திருத்துவது பெரும்பாடு.

துபாய் போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் விசிட் விசா தருவதில்லை. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் பாருங்கள்: அது பெரும்பாலும் 5 வருடம்தான் செல்லும், பயண நாளில் குறைந்தது 6 மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

கோலாலம்பூர் வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் எட்டாயிரம் குறைகிறது. எடுக்கலாமா? (வேளச்சேரி)

டிசம்பர் முதல் பாதியில் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை ரன்வேயே முழுகி விமான நிலையம் மூடப்பட்டது. அப்படி முதல் விமானம் ரத்தானால் அந்த டிக்கெட்டுக்கு ரீஃபண்டோ மாற்று விமானமோ உண்டு. புயலுக்கு நஷ்டஈடு கிடையாது. இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

வானிலை நன்றாக இருந்தாலும் வேலை அதிகம். பெட்டி நேராகப் போய்ச் சேராது. இமிகிரேஷன் தாண்டி வெளியே வந்து, எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஏர்ஏஷியா டெர்மினல் 2-ல், மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1-ல். நடுவே ரயிலிலோ பஸ்ஸிலோதான் போக முடியும். வெளியே வருவதால் மலேசியாவின் டிஜிட்டல் அரைவல் கார்டையும் வந்திறங்கும் முன் 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அடுத்து தாய்லாந்து என்றால் அதற்கும் தனியாக ஒன்று. இரண்டும் இலவசம், பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. இவ்வளவுக்கும் நடுவில் 5 மணி நேரமாவது விடுங்கள்.

மாலத்தீவு ரிசார்ட்டுக்கு சீபிளேன். மாலேயில் மாலை 4.30-க்கு இறங்குகிறோம். (அண்ணா நகர்)

அன்றைக்கு சீபிளேன் கிடைக்காது. அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலேயில் ஒரு ராத்திரி ஓட்டல் செலவு சேரும். மதியத்துக்குள் இறங்கும் விமானத்துக்கு மாறுங்கள், அல்லது ஸ்பீட் போட்டில் போகிற ரிசார்ட்டாகப் பாருங்கள்.

பவர் பேங்க், ஊறுகாய், பொடி எதில் வைப்பது? (குரோம்பேட்டை)

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-ஹவர். 100 வரை தடையில்லை. பவர் பேங்க் மேல் அச்சிட்ட இந்த அளவு அழிந்திருந்தால் பிடுங்கிக்கொள்ள வாய்ப்புண்டு. ஊறுகாய், நெய், தொக்கு செக்-இன் பெட்டியில். கொப்பரையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதன் எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால் தடை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கசகசா கொண்டுபோகக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். வீட்டில் அரைத்த குருமா பொடியில் கலந்திருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.