இரண்டு போகம் வென்ற முறைத்தண்ணீர்: மற்ற வாய்க்கால்களுக்கும் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு மேற்கில் ஒரு விவசாய அமைப்பின் செயலாளர் நான். ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியோடு எங்கள் கிளைவாய்க்காலில் இரண்டு சிறுபோகமாக முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். கடைசிக் கண்டத்துக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. இந்த முன்னோடித் திட்டம் இவ்வருடத்தோடு முடிகிறது. மற்ற வாய்க்கால்களிலும் அரசு இதை நடைமுறைப்படுத்த நாங்கள் என்ன செய்யலாம்? நிறுவனம் எழுதும் அறிக்கை போதுமா?

பதில்: போதாது. அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரு முன்னோடித் திட்டம் நாட்டின் கொள்கையாகவே மாறிய வரலாறு உங்களுக்குப் பக்கத்தில், கல்லோயா என்றும் சொல்லப்படும் பட்டிப்பளை ஆற்றில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய பாதி விடை அதில் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்பாறையின் கல்லோயாத் திட்டத்தில் இடதுகரை மட்டும் ஏறத்தாழ 65,000 ஏக்கர். வாய்க்கால்கள் சிதைந்து கிடந்தன. வாய்க்காலின் தலைப்பில் இருந்தவர்கள் வேண்டிய மட்டும் எடுத்தார்கள். கடைசியில், வாலில் இருந்த தமிழ் விவசாயிகளுக்குக் கோடையில் தண்ணீர் எட்டுவதே அரிது. அமெரிக்க அரசின் உதவியோடு நடந்த புனரமைப்பில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981இல் பட்டதாரி இளைஞர்களை ஊர்களில் தங்க வைத்தன. அவர்கள் போனவுடன் சங்கம் அமைக்கவில்லை. ஒரு வயல்வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்களை வீடு வீடாகப் போய்ச் சந்தித்து, உங்கள் வாய்க்காலில் முதலில் எதைச் சரிசெய்யலாம் என்று கேட்டார்கள். துப்புரவு செய்வது, முறைவைப்பது, மிச்சத்தைக் கீழே விடுவது என்று வேலை முதலில் நடந்தது. அமைப்பு பிறகு வந்தது.

அந்த வருடச் சிறுபோகத்தின் தொடக்கத்தில் கல்லோயாவின் பெருங்குளமான சேனநாயக்க சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அப்படியிருந்தும் சில வாரங்களுக்குள் தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீரை வாலில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். நம்பிக்கையில்லாமல் இருந்த பொறியியலாளர்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். அவர்களுடைய மனம் மாறியதற்கு எந்த அறிக்கையையும்விட அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அதற்குச் சற்று முன்னர், 1970களின் பிற்பகுதியில், மினிப்பே நீர்ப்பாசனத் திட்டத்தில் என்.ஜி.ஆர். டி சில்வா என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளரும் விவசாயிகளைச் சேர்த்து இதே வழியில் முயன்றிருந்தார். 1984இல் பெரும் குளங்களுக்கான ஒருங்கிணைந்த முகாமைத்துவத் திட்டம் தொடங்கியபோது அமைச்சில் அதற்குப் பொறுப்பான பிரிவை நடத்தியவர் அவரேதான். 1988இல் விவசாயிகள் பங்கேற்கும் நீர் முகாமைத்துவம் அரசின் கொள்கையானது. 1990களில் சட்டத் திருத்தங்கள் வந்தன. இன்று உங்கள் அமைப்பு பதிவாகியிருக்கும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் அந்தப் பாதையில் வந்ததுதான்.

ஆனால் கொள்கையாகும்போது எது விடுபட்டது என்பதையும் பாருங்கள். குழுக்களும் பதிவேடுகளும் நாடெங்கும் பரவின. வீடு வீடாகப் போன அந்த இளைஞர்கள் அதே அளவில் பரவவில்லை. அவர்களுடைய வேலை தற்காலிகமானது. நிரந்தர ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது பலர் கல்லோயாவிலேயே விட்டுப் போனார்கள். அரசு உங்கள் திட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் கழற்றி விடுவது இப்படியான ஆட்களைத்தான். ஆகவே இப்போதே ஒரு கணக்கு எழுதுங்கள். நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் வாரத்தில் என்னென்ன செய்தார்? யார் வீட்டுச் சண்டையைத் தீர்த்தார்? எரிபொருள், தேநீர்ச் செலவு எவ்வளவு? நாளை அந்த வேலையை, தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் உங்கள் வட்டவிதானை செய்வாரா? அவருக்குப் போகத்துக்கு எத்தனை மூட்டை நெல் கொடுக்க அமைப்பு சம்மதிக்கும்? இதற்கு விடை இல்லாவிட்டால் "காசு இருந்தது, நடந்தது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

அப்புறம் அளவு. "கடைக்கண்டத்துக்கும் தண்ணீர் போனது" என்பது உங்களுக்குப் பெரிய விஷயம். நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்) வேண்டும். துரிசு (மதகு) திறந்த நாள், மூடிய நாள், அளவுகோலில் காட்டிய உயரம், நட்ட ஏக்கர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்குங்கள். உதாரணத்துக்கு, 200 ஏக்கருக்கு 900 ஏக்கர் அடி போயிருந்தால் ஏக்கருக்கு நாலரை அடி. பக்கத்து வாய்க்காலின் கணக்கையும் அருகில் எழுதுங்கள். மழை நன்றாகப் பெய்த போகத்தில் கிடைத்த வெற்றி எதையும் நிரூபிக்காது. குளம் குறைந்திருந்த போகத்தின் கணக்குக்குத்தான் மதிப்பு. 1997 சிறுபோகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் போதாது என்று சொல்லப்பட்ட பிறகும் கல்லோயா இடதுகரை விவசாயிகள் சுமார் 65,000 ஏக்கரிலும் செய்து நல்ல விளைச்சல் எடுத்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த அமைப்புகளைப் பற்றிப் பேசுவது அப்படியொரு காய்ந்த போகத்தைத் தாண்டியதால்தான்.

புதிய சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஒரு சட்ட நடைமுறையில் இதை ஏற்றிவிடப் பாருங்கள். மழைநீர்த் தொட்டி அப்படித்தான் சட்டமானது: 1990களில் பதுளை, மாத்தறைப் பக்கம் பரிசோதித்தார்கள், 2005இல் தேசியக் கொள்கை வந்தது, 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டட அனுமதி என்ற பழைய நடைமுறைக்குள் அது நுழைந்துவிட்டது. உங்களுக்கு அந்த இடம், போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் போக ஆரம்பக் கூட்டம். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி அங்கே எடுக்கும் தீர்மானம் அந்தக் குளத்தின் கீழ் உள்ள எல்லோரையும் கட்டுப்படுத்தும். முறைவைப்பு அட்டவணை கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், மீறுகிறவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். தொண்டு நிறுவனம் போன பிறகும் அந்தத் தீர்மானம் நிற்கும். அடுத்த படி மாவட்ட விவசாயக் குழு.

கடிதம் எழுதுமுன் உங்கள் குளம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய நீர்ப்பாசனத் திணைக்களமா, மாகாணத் திணைக்களமா? 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். பிழையான கந்தோருக்குப் போன கடிதத்துக்காக ஒரு போகம் வீணாகும்.

இன்னொன்று. அடுத்த சிறுபோகத்தில் பக்கத்து வாய்க்கால் ஒன்றைத் தெரிந்தெடுங்கள்; தலைப்பில் உள்ளவரும் வாலில் உள்ளவரும் ஒருவருக்கொருவர் உறவினராக இல்லாத, சண்டை அதிகமுள்ள வாய்க்காலாக இருக்கட்டும். உங்கள் ஆட்களே போய்ச் சொல்லிக் கொடுக்கட்டும். வெளியாள் இல்லாமல் இரண்டாவது வாய்க்காலிலும் நடந்தது என்றால் பொறியியலாளர் மறுக்க முடியாது. சிறுபோகக் கூட்டம் வழக்கமாக மார்ச், ஏப்ரலில் வரும். அதற்கு ஒரு மாதம் முன்னரே கொப்பியோடு அவரிடம் போங்கள். முறைவைப்பைக் கூட்டத்தில் அவரே முன்மொழியச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள்.