ஏரிக்கரைக் கீரை, ரோட்டோரப் பழம்: எதைப் பறிக்கலாம்?

போன இதழ்ல காலி மனையில தானா மொளைக்கிற பருப்புக்கீரையைப் பத்தி எழுதியிருந்தேன், தண்டைக் கிள்ளினா பால் வரக்கூடாது, பால் வந்தா அது சித்திரப்பாலாடை, எடுக்காதீங்கன்னு. அதுக்கு பெங்களூர் முழுக்க இருந்து கடிதம் வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். ஆனா சில கடிதத்தைப் படிச்சதும் பயமாவும் இருந்துச்சு, அதனால பயந்த கேள்வியையே முதல்ல எடுத்துக்கறேன்.

அக்கா, எங்க ஏரிக்கரையில பொன்னாங்கண்ணி கொள்ள கொள்ளையா கெடக்கு. மாமியாருக்கு கண்ணுக்கு நல்லதுன்னு வாரம் ரெண்டு தடவ பறிச்சு பொரியல் பண்றேன். நல்லா கழுவி வேக வெச்சா போதும்ல? (வாசகி, வர்த்தூர்)

போதாதும்மா. இன்னிக்கே நிறுத்திடுங்க. கழுவினா தூசி போகும், வேக வெச்சா கிருமியும் புழு முட்டையும் சாகும், ஆனா கட்மியம், ஈயம் மாதிரி உலோகம் எல்லாம் வேர் வழியா ஏறி இலைக்குள்ளயே தங்கிடும், அதை எந்த அடுப்பாலயும் எடுக்க முடியாது. வர்த்தூர் ஏரிக்குத் தண்ணி பெல்லந்தூர்ல இருந்துதான் வருது, அந்த பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி ரோட்டுக்கு வந்ததையும் 2017 பிப்ரவரியில ஏரியே தீப்பிடிச்சதையும் நாம எல்லாரும் டிவில பார்த்தோம். ஊர் சாக்கடையும் பட்டறைக் கழிவும் வருஷக்கணக்கா சேர்ந்த தண்ணி அது. மேற்குப் பக்கம் விருஷபாவதி ஆறும் இப்படித்தான், அந்தத் தண்ணி பிடதி பக்கம் பைரமங்கலா ஏரிக்குப் போய் அங்கிருந்து வயலுக்கும் பாயுது. இந்த மாதிரித் தண்ணியில விளையுற கீரை காய்கறியில உலோகம் ஏறியிருக்குன்னு பெங்களூர் ஆராய்ச்சிக்காரங்க பல வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்காங்க. பொன்னாங்கண்ணி, வல்லாரை ரெண்டும் ஈரத்துலயே நிக்கிற செடி, தண்ணியில என்ன இருக்கோ அதையே குடிச்சு வளரும்.

இன்னொண்ணு, நீங்க பறிக்கிறது பொன்னாங்கண்ணிதானான்னே எனக்கு சந்தேகம். நம்ம ஏரிகள்ல ஆகாயத்தாமரைக்குப் பக்கத்துல தண்ணி மேலயே படர்ந்து கெடக்குறது பெரும்பாலும் அதோட பங்காளிச் செடி, தென் அமெரிக்காவுல இருந்து வந்தது, அலிகேட்டர் வீட்னு சொல்வாங்க. பூவைப் பார்த்தா தெரிஞ்சிடும். பொன்னாங்கண்ணிக்கு குட்டி வெள்ளைப் பூ இலைக்கணுவுலயே காம்பில்லாம ஒட்டிக்கிட்டு இருக்கும். மத்ததுக்கு கணுவுல இருந்து தனியா ஒரு காம்பு நீண்டு அதோட நுனியில பூ உருண்டையா நிக்கும், தண்டை ஒடிச்சா உள்ள ஓட்டையா இருக்கும்.

மாமியாருக்குக் கீரை வேணும், அது நியாயம். மார்க்கெட்ல ஹொனகொனே சொப்புன்னு (பொன்னாங்கண்ணிக்கு கன்னடப் பேர்) கேட்டு ஒரு கட்டு வாங்குங்க, இலையை ஆய்ஞ்சதும் தண்டைத் தூக்கிப் போடாம தொட்டியில குத்தி விடுங்க, கணுவுல வேர் விட்டு ஒரு மாசத்துல கிள்ளலாம். கடைக்கட்டும் எந்தத் தண்ணியில விளைஞ்சதோ நமக்குத் தெரியாது, தொட்டியில துளுக்கறது நம்ம மண்ணு நம்ம தண்ணியில வர்றது.

அம்மா, மொட்டை மாடித் தொட்டியில மணத்தக்காளி தானா வந்துச்சு. என் பொண்ணு நெட்ல பார்த்துட்டு நைட்ஷேட், விஷம்னு பிடுங்கிப் போட்டுட்டா. சின்ன வயசுல இருந்து சாப்பிடுறேனே, அது விஷமா? (வாசகர், ஹலசூரு)

இல்லைங்க ஐயா. இங்கிலீஷ்ல மணத்தக்காளியையும் அதோட குடும்பத்துல இன்னும் சில செடிகளையும் நைட்ஷேட்னே சொல்வாங்க, குழப்பம் அதுலதான். நெட்ல படம் போட்டு பயமுறுத்துறது பெல்லடோனாங்கிற ஐரோப்பாச் செடி, நம்ம நாட்டுல அதோட சொந்தக்காரச் செடி காஷ்மீர், இமயமலைப் பக்கம் குளிர்லதான் வளருது, ஹலசூரு மொட்டை மாடிக்கு வராது. அதுல பழம் ஒத்தை ஒத்தையா, செர்ரி சைஸ்ல, அடியில அஞ்சு பச்சை இதழ் அகலமா விரிஞ்சு நிக்கும். மணத்தக்காளி கொத்து கொத்தா காய்க்கும், பழம் மிளகைவிட கொஞ்சம் பெருசு, பழுத்தா கறுப்பு, ஒரு சிலதுல ஆரஞ்சு சிவப்பு.

ஆனா உங்க பொண்ணு பயந்ததை முழுசா தள்ளவும் முடியாது. பச்சைக் காய்ல சொலனின்னு ஒரு நச்சு இருக்கு, குழந்தைங்க அதை வெறுமனே தின்னா வயித்துவலி, வாந்தி எல்லாம் வரும். நம்ம வீட்டுல பச்சைக் காயை அப்படியே சாப்பிடுற வழக்கமே இல்லையே, கீறி உப்பு மோர்ல ஊறப்போட்டு காய வெச்சு வத்தலாத்தான வறுப்போம். பழுத்ததை அப்படியே சாப்பிடலாம், கீரையை பாசிப்பருப்பு போட்டு நல்லா வேக வெச்சு சாப்பிடலாம்.

நிஜமா கவனிக்க வேண்டியது ஊமத்தைக் கன்னு. அதுவும் இதே குடும்பம், சின்னதா இருக்கும்போது கலவைக்கீரை பறிக்கிற அவசரத்துல கையோட வந்துடும், அந்தக் கீரையைத் தின்னவங்களுக்கு வாய் வறண்டு கண்மணி விரிஞ்சு சம்பந்தமில்லாம உளற ஆரம்பிச்சிடும், ஆஸ்பத்திரி கேஸ். ஊமத்தை இலையைக் கசக்கினா கெட்ட வாடை அடிக்கும். பூ வர்ற வரைக்கும் காத்திருந்தீங்கன்னா சந்தேகமே வேணாம், மணத்தக்காளிக்குப் பொடி வெள்ளைப் பூ, ஊமத்தைக்கு நீளக் குழல் பூ. குருவி தின்னு விதை போடுற செடி ஐயா, மறுபடி வரும், வந்ததும் பொண்ணைக் கூப்பிட்டு பூவையும் பழத்தையும் பக்கத்துல வெச்சு காட்டுங்க.

எங்க அபார்ட்மென்ட் வாசல் மரத்துல குட்டி சிவப்புப் பழம், வாட்ச்மேன் கசகசே ஹண்ணுன்னு சொல்றார். பையன் தினமும் திங்கிறான். பரவால்லையா? (வாசகி, மாரத்தஹள்ளி)

தாராளமா திங்கட்டும். நாம தேன்பழம், சர்க்கரைப்பழம்னு சொல்றதுதான், அமெரிக்க வெப்பநாட்டு மரம். நல்லா சிவந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. தோல் அவ்ளோ மெல்லிசு, கூடையில போட்டா நசுங்கிடும், அதான் கடைக்கே வர்றதில்ல.

பசங்க விளையாடுற எடத்துல பாதாங்கொட்டை உடைச்சுத் திங்கிறாங்க, வேற என்னென்னவோ கொட்டையும் உடைக்கிறாங்க. தடுக்கணுமா மேடம்? (வாசகர், சர்ஜாபூர் ரோடு)

பாதாம் சரி. நாட்டு வாதாம் மரம்னா இலை பெருசா, உதிர்றதுக்கு முன்னாடி செவப்பா மாறும், பழத்தோட சதையைக் கடிச்சுட்டு நார்க்கொட்டையை நெடுக்க வெச்சு கல்லால தட்டினா உள்ள ஒல்லியா ஒரு பருப்பு வரும், அதைப் பிரிச்சுப் பாருங்க, பாய் சுருட்டி வெச்ச மாதிரி சுத்திச் சுத்தி இருக்கும். அந்தச் சுருள் இருந்தா பாதாம், அதைப் பசங்களுக்கே சொல்லிக் குடுங்க.

ஆனா அந்த "வேற என்னென்னவோ" தான் எனக்குத் தூக்கம் வரவிடாது. வேலியில நிக்கிற காட்டாமணக்கு இருக்குல்ல, காய்க்குள்ள மூணு கறுப்புக் கொட்டை, உடைச்சா வெள்ளைப் பருப்பு, ருசியும் நல்லா இருக்கும், அதனாலதான் பசங்க நாலஞ்சுன்னு தின்னுட்டு கூட்டமா வாந்தி பேதியோட ஆஸ்பத்திரிக்குப் போற செய்தி திரும்பத் திரும்ப வருது. அழகுக்குன்னு காம்பவுண்ட் ஓரமா வெக்கிற மஞ்சள் அரளி அதைவிட மோசம், அதோட கொட்டை நேரா இதயத்தைத் தாக்கும். யாராவது தின்னுட்டாங்கன்னா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்கிற வேலையெல்லாம் வேணாம், மிச்சக் கொட்டையைக் கையில எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லன்னா 108. அபார்ட்மென்ட் சங்கத்துல பேசி பசங்க விளையாடுற எடத்துப் பக்கத்துல இருக்கற மஞ்சள் அரளியை எடுக்க வையுங்க, இதுல தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க.

ரோட்டோர நாவல் மரத்துல பறிச்சா கேஸ் போடுவாங்களா? (வாசகர், ஜெயநகர்)

கீழ விழுந்ததைப் பொறுக்கறவங்களை யாரும் எதுவும் சொல்லி நான் பார்த்ததில்ல. கிளையை வெட்டறதுங்கறது வேற விஷயம், 1976 வருஷத்து கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. லால்பாக், கப்பன் பார்க்ல கை வெக்காதீங்க. ரோட்டோரப் புளியமரம்னா பல எடத்துல ஏலம் போயிருக்கும், குத்தகைக்காரரோட பொழப்பு அது. நாவல்ல ஏற வேணாம், அந்தக் கிளை படக்குனு முறியும், விடியக்காலையில பழைய புடவையை விரிச்சு வெச்சாலே வேணுங்கற அளவு விழும். பழத்து மேல இருக்கற தூசி கழுவினா போயிடும், அதனால ரோட்டோரப் பழத்துக்கு நான் சரின்னு சொல்வேன், ரோட்டோரக் கீரைக்குச் சொல்ல மாட்டேன், ஈயம் கலந்த பெட்ரோல் 2000லயே நின்னுடுச்சு, ஆனா மண்ணுல படிஞ்ச ஈயம் லேசுல போகாது.

சொல்லிக்குடுக்க வீட்டுல பெரியவங்க யாரும் இல்லக்கா. ஆப்ல போட்டோ எடுத்துப் பார்த்தா போதுமா? (வாசகி, எஜிபுரா)

பேர் கண்டுபிடிக்க ஆப் உதவும், வாயில வெக்க அது போதாது. உங்க ஏரியாவுல காலி மனையில மடி நிறைய கீரை பறிக்கிறவங்களைப் பாருங்க, பெரும்பாலும் வெளியூர்ல இருந்து கட்டட வேலைக்கு வந்த பொம்பளைங்களா இருப்பாங்க, ராகி வயல்ல களைக்கீரை பறிச்சு வளர்ந்தவங்க, இந்த விஷயத்துல எனக்கு அவங்கதான் டீச்சர். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து பாட்டிங்க கெடைச்சா விடாதீங்க, பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கண்ணை மூடிட்டு சொல்வாங்க. கூடவே போங்க, கேளுங்க, ஒரு செடியை எடுத்துக்கிட்டு அது மொளைச்சதுல இருந்து பூத்துக் காய்க்கிற வரைக்கும் விடாம பாருங்க, அப்புறம் அடுத்தது. அவங்களுக்கு அது ராத்திரிக் கொழம்பு, நமக்கு ஆசை, அதனால அவங்க பறிச்சு முடிச்ச பிறகு நாம நுனி மட்டும் கிள்ளிக்கலாம், வேரோட பிடுங்க வேணாம். பார்த்தீனியம் மண்டிக் கெடக்கற மனையில வெறுங்கையை விடாதீங்க, தோல் அரிச்சு எடுத்துடும்.

அடுத்த இதழுக்கு செடி போட்டோ அனுப்பறவங்க பூ, காய், இலையோட பின்பக்கம், அது நிக்கிற எடம் எல்லாம் சேர்த்து எடுத்து அனுப்புங்க. வெறும் இலையை வெச்சு இதைச் சாப்பிடலாம்னு நான் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன்.